மேற்கே தலைவைத்த நிழல்

உப்போடையில் யாரிடமாவது வீடு கட்டியது எப்போது, மூத்தவள் சமைந்தது எப்போது, கடைவாய்ப் பல் பிடுங்கியது எப்போது என்று கேட்டால் வருஷத்தைச் சொல்ல மாட்டார்கள். நிழல் கொடுக்கிறதுக்கு முன்னாடி என்பார்கள், இல்லாவிட்டால் நிழல் திரும்பி வந்த பிறகு என்பார்கள். இரண்டுக்கும் நடுவில் கிடக்கிற மூன்று வருஷத்தைப் பற்றிக் கேட்டால் மட்டும் லேசாகச் சிரித்துக்கொண்டு, "அப்ப நாங்க நிழலில்லாமத் திரிஞ்சோம்லா" என்று சொல்லி, "சீனியம்மா புங்கனைப் போய்ப் பாருங்க" என்று பூங்காப் பக்கம் கையைக் காட்டிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

பூங்கா என்பது பஸ் ஸ்டாண்டுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் கிடந்த இரண்டு ஏக்கர். அங்கே பதினோரு வாகை மரங்கள் நின்றன. பஸ் ஸ்டாண்டை அகலப்படுத்தப் போகிறோம் என்று அத்தனையையும் வெட்டி எடுத்துவிட்டு, பஸ் ஸ்டாண்டை அகலப்படுத்தாமலே விட்டுவிட்டார்கள். மிஞ்சியது காலுடைந்து கம்பி தெரிகிற ஒரு சிமெண்டு மானும், சித்திரை மாசத்தில் தோசை சுடலாம் போலக் காய்கிற ஒரு தகரச் சறுக்குமரமும்தான். கரிசல் மண்ணும் தீப்பெட்டி ஆபீசும் ஒரு நூல் மில்லும் தவிர வேறு பவிசு இல்லாத அந்த ஊரில், நகராட்சி அந்த இரண்டு ஏக்கரில் கடை வளாகம் கட்டுவதற்குப் படம் வரைந்து வைத்திருந்தது.

அதைத் தடுக்கக் கிளம்பியவர் தெய்வசிகாமணி. ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டர், குடியிருப்போர் சங்கச் செயலாளர். முப்பத்தாறு வருஷம் அடுத்தவன் கடிதத்துக்கு முத்திரை குத்தியதில், தானும் யாருக்காவது எழுத வேண்டும் என்கிற ஆசை அவருக்குள் ஊறிப்போய்க் கிடந்தது. அழிந்துபோன பூங்காவையும் கண்மாயையும் குன்றையும் மீட்க நிதி கொடுக்கிற வைகறை அறக்கட்டளை என்று சென்னையில் ஒன்று இருப்பதைக் கேள்விப்பட்டு, பதினாலு மாசம் விடாமல் எழுதினார். கடைசியில் பதில் வந்தது. செலவில் இரண்டு பங்கு நாங்கள் தருகிறோம், மூன்றாவது பங்கு ஊருடையது. பணமாகத் தரலாம், உழைப்பாகத் தரலாம், பொருள் வகையாகவும் தரலாம். மூன்று வருஷம் கழித்துப் பத்துக் கன்றுக்கு ஆறு கன்று உயிரோடு இருந்தால் இடம் பூங்காவாகவே நிலைக்கும், அதற்கு நகராட்சியும் கையெழுத்துப் போட்டிருக்கிறது. இல்லாவிட்டால் கடை வளாகம்.

ஊரைக் கூட்டி அதை வாசித்தார். வெயிலில் நின்று கேட்டார்கள். பணம் என்றதும் எல்லோரும் மானைப் பார்த்தார்கள், உழைப்பு என்றதும் தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் தங்கள் விரல்களைப் பார்த்தார்கள். பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிற வள்ளிமயிலுக்குத்தான் பொறுக்கவில்லை.

"எங்கிட்ட என்ன இருக்கு அண்ணாச்சி? இந்தா காலடியில கறுப்பாக் கிடக்கே, இதைத்தான் எடுத்துக்கிடணும். கன்னு வைக்கப் போறீகள்லா, அதுக்கும் முதல்ல நிழல்தான வேணும்?"

ஊர் சிரித்தது. தெய்வசிகாமணி சிரிக்கவில்லை; படிவம் என்று வந்துவிட்டால் அவருக்குச் சிரிப்பு வராது. பொருள் வகை: நிழல், எண்ணிக்கை: ஒன்று, அளிப்பவர்: வள்ளிமயில் என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார். மதுரை பஸ் வந்து நிற்கிற சத்தம் கேட்டு வள்ளிமயில் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அவள் ஓடினாள், நிழல் அங்கேயே கிடந்தது. பக்கத்தில் நின்ற டீக்கடை அந்தோணி குனிந்து அதைப் பார்த்துவிட்டு, "பாத்து, மிதிச்சிராதீங்க" என்று மட்டும் சொன்னான்.

மறுநாளிலிருந்து வரிசை நின்றது. நிழலைச் சதுர அடியில் அளப்பது என்று சங்கம் முடிவு செய்தது, அங்கேதான் உப்போடைக்காரர்கள் தங்கள் புத்தியைக் காட்டினார்கள்: நடுப்பகலில் கொடுத்தால் ஆளுக்கு ஒரு முறம் அகலம்கூடத் தேறாது என்று, எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் சாயங்காலம் அஞ்சு மணிக்கு வந்து, பனைமரம் போல நீண்டு விழுந்த நிழலைக் கொடுத்தார்கள். ஒரே வாரத்தில் மூன்றாவது பங்கு நிரம்பி வழிந்தது. அறக்கட்டளையிலிருந்து பெனிட்டா என்கிற பெண் டேப்போடு வந்து, ஒவ்வொன்றாக அளந்து, செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு நிழலின் நெஞ்சில் ஏறி நின்று பார்த்து, "குளிர்ச்சியாத்தான் இருக்கு, ஏத்துக்கலாம். எல்லாத்துக்கும் ரசீது குடுத்தீங்களா சார்?" என்று கேட்டாள். ரசீது இருந்தது.

இருநூற்று நாற்பது கன்று நட்டு, குழிக்கு ஒரு நிழலாக விரித்தார்கள். அப்புறம்தான் தெரிந்தது: சாயங்கால நிழல் நீளம் இருக்கிற அளவுக்குக் கனம் இல்லை. சலித்த மாவு மாதிரி வெளிறிக் கிடந்தது. உச்சி வெயில் அதற்குள் புகுந்து கன்றைச் சுட்டது. மூன்று நாள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். நாலாம் நாள் தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் வந்து, துவைத்த சேலையை இரண்டு பேர் இரண்டு முனை பிடித்து உதறி மடிக்கிறது போல நிழல்களைப் பிடித்து உதறி நாலாக மடித்துப் போட்டார்கள். நாலாக மடித்ததும் நிழல் புளியமரத்தடி போலக் கறுத்துக் குளிர்ந்தது, கன்றுகள் ஒரு பெருமூச்சு விட்டாற்போல இலையைத் தூக்கின.

பக்கத்தில் எவன் நிழல் கிடக்கிறது என்று கேட்டவர்களும் இருந்தார்கள், அந்த ஊர் அப்படி ஒன்றும் வேறு நாட்டில் இல்லை. மேலத்தெருக்காரர் ஒருவர் வந்து, தன் நிழலின் மேல் ஓடைத்தெருக்காரன் நிழல் ஒரு சாண் ஏறிக் கிடக்கிறது என்று சத்தம் போட்டார். தெய்வசிகாமணி கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். இரண்டு நிழலும் ஏறிக் கிடந்த அந்த ஒரு சாண் இடத்தில்தான் கன்று மற்றதைவிட ஒரு முழம் உயரமாக நின்றது. மேலத்தெருக்காரர் கன்றை முழம் போட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். ஜவுளிக்கடை முதலாளி தன் நிழலைக் கொடுக்காமல் வாசல் செக்யூரிட்டியின் நிழலைத் தன் பேரில் எழுதச் சொன்னார். அதையும் எழுதிக்கொண்டார்கள், அடைப்புக்குள் செக்யூரிட்டியின் பெயரைப் போட்டு.

ஊர் பழகிக்கொண்டது. வெளியூரிலிருந்து மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்களிடம், பையன் நிழல் பூங்காவில் இருக்கிறது, ரசீதைக் காட்டுகிறோம் என்றார்கள். கோடாங்கி நிழல் இல்லாதவர்களுக்குக் குறி சொல்ல மறுத்து, வருமானம் போய், பிறகு தன்னுடையதையும் கொண்டுவந்து கொடுத்தார். பஸ்ஸில் சன்னலோரம் வெயிலடித்தால் உப்போடைக்காரனை அடையாளம் கண்டுபிடிக்கலாம் என்று பக்கத்து ஊர்க்காரர்கள் கேலி செய்தபோது, "எங்க நிழல் மரமாகிக்கிட்டிருக்கு, உங்களுது இன்னும் தெருவுலதான கிடக்கு?" என்று திருப்பிக் கேட்கவும் கற்றுக்கொண்டார்கள்.

ஜவுளிக்கடை முதலாளியை விட்டால், நிழலோடு நடந்தது சீனியம்மாள் ஒருத்திதான். தீப்பெட்டி ஆபீசில் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தவளைக் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றவும் காவல் பார்க்கவும் திட்டத்தில் வேலைக்கு எடுத்திருந்தார்கள். திட்டத்தில் சம்பளம் வாங்குகிறவர் பங்களிப்புத் தரக் கூடாது என்பது விதி. அதனால் ஊர் முழுக்க இலேசாகிப்போய்த் திரிந்த அந்தக் காலத்தில் அவள் மட்டும் தன் நிழலை இழுத்துக்கொண்டு குடம் சுமந்தாள்.

அவள் புருஷன் தவசி நூல் மில்லில் இரவுக் காவல். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் இரண்டு பேரும் சேர்ந்தாற்போல வீட்டில் இருந்த நாட்கள் தீபாவளியும் பொங்கலும்தான். அந்த நாட்களில் அவள் சேலையின் ஒரு முனையை அவர் கையில் கொடுப்பாள், அவர் ஒவ்வொரு தடவையும் தப்பான பக்கம் மடிப்பார். மற்ற நாளெல்லாம் அவள் காலை ஏழு மணிக்கு வேலைக்குக் கிளம்புவாள், அவர் அதே ஏழு மணிக்குத் திரும்புவார். ரேஷன் கடைத் திருப்பத்தில் அவர் ஒரு காலை ஊன்றிச் சைக்கிளை நிறுத்துவார், அவள் சாவியைக் கொடுப்பாள், இரண்டே வார்த்தை பேசுவாள்.

"குழம்பு சட்டியில இருக்கு. சாயங்காலம் நான் வாரது வரைக்கும் இருப்பீகளா?"

"பாப்போம்."

ஒரு நாளும் இருந்ததில்லை. அவருக்கு ஆறரைக்கு மில் சங்கு ஊதிவிடும்.

ஊரெல்லாம் நிழல் கொடுத்து முடித்த பிறகு, ஒரு நாள் காலை ஏழு மணிக்கு, காக்கிச் சட்டையும் தலையில் மப்ளரும் கையில் தூக்குச்சட்டியுமாகத் தவசி நேரே பூங்காவுக்கு வந்தார்.

"காலையில நாங்க வாங்குறதில்லையே தவசி" என்றார் தெய்வசிகாமணி. "அஞ்சு மணிக்கு வாங்க."

"அஞ்சு மணிக்குத்தான் அண்ணாச்சி எனக்கு விடியும். அப்ப வந்து வரிசையில நிக்க ஏலாது." அவர் வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்றார். நிழல் மேற்கே விழுந்தது. பார்த்தவர்கள் கிட்டே வந்தார்கள். பகலெல்லாம் தூங்கிவிட்டு ராத்திரியில் நடமாடுகிற மனிதரின் நிழல் அது. ஒரு நாளைக்கு இருபது நிமிஷம் சைக்கிளில் வருகிற நேரம் தவிர வெயிலே காணாதது. கசங்காமல், சாயம் போகாமல், பெட்டியை விட்டு எடுக்காத கறுப்புக் கோட்டுப் போல இருந்தது. மடிக்கத் தேவையே இல்லை.

"எந்தக் கன்னுக்குப் போட?" என்று கேட்டாள் சீனியம்மாள், வேலைக்காரி முதலாளியிடம் கேட்கிற மாதிரி.

"எது சாகப் போகுதோ அதுக்கு."

மானுக்குப் பக்கத்தில் ஒரு புங்கன் கன்று, இரண்டு இலையும் ஒரு குச்சியுமாக நின்றது. அதன் தூரில் பாதம் பொருந்த, தலை மேற்கே போக, அவள் அதை விரித்தாள். மற்ற நிழலெல்லாம் கிழக்கே தலைவைத்துக் கிடக்க, அது ஒன்று மட்டும் மேற்கே தலைவைத்துக் கிடந்தது, தலையில் மப்ளரும் கையில் தூக்குச்சட்டியுமாக.

"எம் பொண்டாட்டி இருபத்திரண்டு வருஷமா ஒரு பகல் எங்கூட இருங்க, ஒரு பகல் எங்கூட இருங்கன்னுட்டே இருக்கா" என்று தவசி கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "இந்தா, பகல் பூரா வச்சுக்கோ. இனிமே கேக்கக் கூடாது."

ஊரே சிரித்தது. சீனியம்மாள் வெட்கத்தில் வாளியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டாள், அங்கே போய்த் தண்ணீரைத் திறக்காமலே கொஞ்ச நேரம் நின்றாள்.

நிழல் கொடுத்த எட்டாவது மாசம், பகலில் தூங்கப் படுத்த தவசி சங்கு ஊதியும் எழுந்திருக்கவில்லை. தூக்கிப் போன நாலு பேருக்கும் நிழல் இல்லை, பின்னால் நடந்தவர்களுக்கும் இல்லை. பாடையின் நிழல் மட்டும் தார்ரோட்டில் தன்பாட்டுக்கு மிதந்து போனது. பூங்காவைத் தாண்டும்போது எல்லோரும் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். புங்கனடியில் அவர் படுத்திருந்தார், ஒரு இழை குறையாமல்.

பதினாறாம் நாள் கழிந்து வேலைக்கு வந்த சீனியம்மாள் முதல் குடத்தை அந்தப் புங்கனுக்குத்தான் ஊற்றினாள். அதற்குப் பிறகு இரண்டு வருஷமும் கொஞ்சமும், மத்தியானச் சோற்றை அந்த நிழலுக்குள் உட்கார்ந்துதான் சாப்பிட்டாள், தன் தூக்குச்சட்டியை நிழல் தூக்குச்சட்டியின் மேலேயே வைத்து. என்ன பேசினாள் என்று யாரும் ஒட்டுக் கேட்கவில்லை. காற்றில் வந்து விழுந்ததைக் கேட்டவர்கள், அரிசி விலையும், கால்வலியும், போஸ்ட் மாஸ்டர் ஒரு வாரமாக ஒரே சட்டையில் வருவதும்தான் பேச்சு என்றார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் பேச நேரமில்லாமல் போன சாதாரணப் பேச்சு. பூ விற்று முடித்து வந்து உட்கார்ந்த வள்ளிமயில் ஒரு நாள் சொன்னாள், "மதினி, அண்ணன் இருந்தப்ப இருந்ததைவிட நீ இப்பத்தான் குடித்தனக்காரி மாதிரி இருக்கே." சீனியம்மாள் அவள் கூடையிலிருந்து ஒரு முழம் பூவை எடுத்து வைத்துக்கொண்டு, "வாயப் பாரு" என்றாள்.

கன்றுகள் மரமாயின. தவிட்டுக்குருவி வந்தது, அப்புறம் மைனா, அப்புறம் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள். மூன்று வருஷம் முடிகிற சமயம் இருநூற்று நாற்பதில் நூற்றெழுபத்தொன்று நின்றது; நகராட்சி கடை வளாகத்தின் படத்தைச் சுருட்டி வைத்தது. ஊர் இனிப்புக் கொடுத்துக் கொண்டாடியபோதுதான் தெய்வசிகாமணி ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தை வாசித்தார்: திட்டம் முடிகிற நாளில் பொருள் வகைப் பங்களிப்பு உரியவரிடம் திருப்பி ஒப்படைக்கப்பட வேண்டும், உரியவர் இல்லாவிட்டால் வாரிசுதாரரிடம்.

"அதுக்கென்ன, வீட்டுக்குக் கொண்டுட்டுப் போயிரு" என்றாள் வள்ளிமயில். "கட்டில்ல விரிச்சிப் போட்டுப் படுத்துக்கோ."

சீனியம்மாளும் முதலில் அப்படித்தான் நினைத்தாள். ஒரு நாள் உச்சிவேளையில் நிழலின் தலைமாட்டை மெல்லத் தூக்கி, பக்கத்தில் இருந்த மோட்டார் ரூமின் வாசலுக்குள் கொஞ்சம் இழுத்துப் பார்த்தாள். உள்ளே கிடந்த இருட்டில் மப்ளர் காணாமல் போனது; எது இருட்டு, எது அவர் என்று பிரித்துத் தெரியவில்லை. சட்டென்று வெளியே இழுத்தாள், வெயிலில் மப்ளர் திரும்ப வந்தது. அவள் வீடோ ஒரே ஒரு சன்னல் வைத்த ஓட்டு வீடு. கொண்டுபோனால் அவர் வீட்டு இருட்டோடு கலந்துவிடுவார். இங்கே விட்டுவைக்க விதி இல்லை. நாற்பது தடவையாவது தெய்வசிகாமணியிடம் போய் நின்றாள்.

"உரியவர் இல்லாத தபாலை ஆபீசுல வச்சிருக்க முடியாதும்மா" என்றார் அவர், கண்ணைப் பார்க்காமல். "எனக்கு மட்டும் ஆசையா?"

ஒப்படைக்கிற நாள் வந்தது. பிற்பகலிலிருந்து வரிசை நின்று, பெனிட்டா பெயரைக் கூப்பிடக் கூப்பிட, ஆளாளுக்கு வந்து தங்கள் நிழலை உதறிப் பிரித்துக் காலோடு சேர்த்துக்கொண்டார்கள். மூன்று வருஷ மடிப்பு எல்லோர் நிழலிலும் குறுக்கும் நெடுக்கும் விழுந்திருந்தது. அந்த மடிப்பு உப்போடைக்காரர்களுக்கு இன்றைக்கும் போகவில்லை, பெருமையாகத்தான் காட்டுகிறார்கள். செக்யூரிட்டி தன் நிழலை வாங்கிக்கொண்டு, ரசீதில் முதலாளி பெயர் இருந்த இடத்தில் தன் பெயரை எழுதச் சொல்லி நின்று வாங்கினார். மரங்களின் நிழலும் புங்கனடியில் கிடந்ததும் மட்டும் தரையில் மிஞ்சியபோது பெனிட்டா கடைசித் தாளைப் புரட்டினாள்.

"தவசி. வாரிசுதாரர் சீனியம்மாள்."

கூட்டம் விலகி வழிவிட்டது. சீனியம்மாள் வந்து கையெழுத்துப் போட்டாள். பேனாவைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

"வாங்கிக்கிட்டேன்லா? இனிமே இது எனக்குப் பாத்தியந்தான?"

"ஆமாக்கா. உங்களோடதுதான்."

"எனக்கு வேலை எப்பம் முடியுது?"

"இன்னைக்கு அஞ்சு மணியோட முடியுதுக்கா. திட்டமே முடியுது. இனிப் பத்து வருஷம் பராமரிப்புக் காலம், அதுக்கு வேற நிதி, வேற படிவம்."

"அதுலயும் ஊர்ப்பங்கு உண்டா?"

"உண்டு."

"அண்ணாச்சி, மணி என்ன?"

தெய்வசிகாமணி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. "அஞ்சேகால் தாயீ."

"அப்ப நான் இப்ப திட்டத்து ஆளு இல்ல. பொதுமக்கள்." சீனியம்மாள் பேனாவை அவர் கையில் வைத்தாள். "அந்தப் படிவத்தை எடுத்து எழுதுங்க. பொருள் வகை, நிழல். எண்ணிக்கை ரெண்டு."

பெனிட்டா பையைத் திறந்தாள். தாளை எடுத்து நீட்டினாள். தெய்வசிகாமணி எழுதிக்கொண்டே வந்து ஒரு கட்டத்தில் நிறுத்தினார். "எத்தனை காலத்துக்குன்னு கேட்டிருக்கு. பத்து வருஷம்னு போடவா?"

"புங்கன் எத்தனை வருஷம் நிக்கும்?"

"நல்லா நின்னா நூறு."

"அதைப் போடுங்க."

அவள் புங்கனடிக்குப் போனாள். தூரில் பாதம் படிய, சாயங்கால வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்றாள். குடம் சுமந்து மூன்று வருஷமும், லேபிள் ஒட்டி அதற்கு முன்னால் எத்தனையோ வருஷமும் தேய்ந்த அவள் நிழல் கிழக்கே நீண்டு, ஓரத்தில் கொஞ்சம் நைந்து, விழுந்தது. மடிக்கலாமா என்று வள்ளிமயில் ஒரு முனையைப் பிடிக்கக் குனிந்தாள். "வேண்டாம், அப்படியே கிடக்கட்டும்" என்றாள் சீனியம்மாள், சொல்லிவிட்டு நகர்ந்தாள். காலையில் வந்தவர் மேற்கே தலைவைத்தும், சாயங்காலம் வந்தவள் கிழக்கே தலைவைத்தும், இரண்டு பேர் பாதமும் மரத்தின் தூரில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன.

இன்றைக்கும் உச்சி வெயிலில் மற்ற மரத்தின் நிழலெல்லாம் அடியில் சுருண்டு கிடக்கும்போது அந்தப் புங்கன் மட்டும் இரண்டு பக்கமும் நீளமாக நிழல் விடுகிறது. பஸ்ஸுக்கு வருகிறவர்கள் துண்டை உதறி அதில் உட்காருகிறார்கள். பாதங்கள் தொடுகிற இடத்தில் மட்டும், யாரும் சொல்லாமலே, கொஞ்சம் இடம் விடுகிறார்கள்.

சீனியம்மாள் தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்கே திரும்பிவிட்டாள். காலை ஏழு மணிக்கு அவள் போகிற வேன் பூங்காவைத் தாண்டும். உப்போடையில் நிழல் இல்லாமல் நடமாடுகிற ஒரே ஆள் அவள்தான், அதைப் பற்றி இப்போது யாரும் பேசுவதில்லை. சன்னல் வழியாகப் புங்கனைப் பார்த்து, பழகிப்போன வாயால், "குழம்பு சட்டியில இருக்கு" என்பாள். இருப்பீகளா என்கிற இரண்டாவது வார்த்தையை அவள் கேட்பதில்லை.